கரையில் இருக்கும்வரை என் சொல்லே முடிவு

பெருமதிப்பிற்குரிய நாத்தனார் அவர்களுக்கு, தங்கள் தம்பியின் மனைவி இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலமே. எங்கள் படகும் நலமே. தாங்களும், தங்கள் துணைவர் அவர்களும், பிள்ளைகளும் அவ்வாறே இருக்க வேண்டுமென்பது எங்கள் விருப்பம்.

முதற்கண், தாமதத்திற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். தங்கள் கடிதம் இதற்கு முந்தைய துறைமுகத்தின் அலுவலகத்திலேயே எங்கள் கைக்கு வந்துவிட்டது. பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டை ஒரு பல் மருத்துவரின் குடும்பம் இரண்டு ஆண்டுகளுக்குக் கேட்பதாகவும், விடலாமா வேண்டாமா என்பதைத் தெரிவித்தால் தாங்கள் மேற்கொண்டு பேசுவதாகவும், நல்ல குடும்பம் நெடுநாள் காத்திருக்காது என்றும் எழுதியிருந்தீர்கள். தாங்கள் கைபேசியைத் தொடுவதில்லை. நானும் முக்கியமான விஷயத்தைக் கைப்பட எழுதுவதையே முறையென்று கருதுபவள். ஆனால் படகில் அமர்ந்து எழுதினால் என் கையெழுத்து என் கையெழுத்தாக இருப்பதில்லை. ஓர் அலைக்கு 'வீடு' என்பது காகிதத்தை விட்டு வெளியே போய்விடுகிறது. வீட்டைப் பற்றிய பதிலை அப்படி எழுத எனக்கு மனமில்லை. எனவே அசையாத தரையில் கால் ஊன்றும் நாளுக்காகக் காத்திருந்தேன். அந்த நாள் இன்று வாய்த்தது. நடந்தவற்றை ஒழுங்காகச் சொல்லிவிட்டு முடிவைக் கடைசியில் தெரிவிக்கிறேன்.

தங்கள் தம்பி பணி ஓய்வு பெற்ற கையோடு இந்தப் பாய்மரப் படகை வாங்கியதும், சாவியைத் தங்களிடம் ஒப்படைத்துவிட்டு நாங்கள் கரையோரமாகவே ஊர் ஊராகப் புறப்பட்டதும் தாங்கள் அறிந்தவை. தாங்கள் அறியாதது, எங்களுக்குள் உள்ள ஒப்பந்தம். பயணத்தின் தொடக்கத்தில் ஒரு துறையில் நங்கூரம் இடும்போது, அவர் "இப்ப விடு" என்றார், நான் "கொஞ்சம் பொறுங்க" என்றேன். எது சரியென்று நாங்கள் பேசித் தீர்த்துக்கொண்டிருந்த வேளையில், படகு தன் போக்கில் போய்ப் பக்கத்துப் படகை முட்டிவிட்டது. அதன் சொந்தக்காரர் வாயில் பல் துலக்கும் நுரையோடு வெளியே வந்து, "உங்க வீட்டுச் சண்டைக்கு என் படகுதான் கிடைச்சுதா?" என்று கேட்டார். அன்று மாலையே உடன்பாட்டுக்கு வந்தோம். வாசகத்தை நானே அமைத்தேன். படகில் இருக்கும்வரை அவர் சொல்லே முடிவு. கரையில் இருக்கும்வரை என் சொல்லே முடிவு. அதன் பிறகு எங்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் இதுவரை நாங்கள் கரை இறங்கியதெல்லாம் தண்ணீர் பிடிக்கவும் காய்கறி வாங்கவும்தான், ஓடிப்போய் ஓடிவந்துவிடுவோம். ஒரு முழு நாளைக் கரையில் ஓய்வாகக் கழிப்பது இதுவே முதல்முறை.

காலையில் ஒரு சிறிய விரிகுடாவுக்குள் நங்கூரமிட்டோம். வானம் கழுவிக் கவிழ்த்த தட்டுப்போல இருந்தது. இன்றைக்கு நான் வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. உப்பில்லாத தண்ணீரில் தலை முழுகிக் குளிக்க வேண்டும். உப்பில்லாத துணி உடுத்த வேண்டும். ஆடாத நாற்காலி ஒன்றில் அமர்ந்து, தேநீர் அருந்தியபடி, தங்களுக்கு இந்தக் கடிதத்தை எழுத வேண்டும். வீட்டுக்குத் திரும்பிவிடுவது என்று நான் ஏற்கெனவே உள்ளுக்குள் தீர்மானித்திருந்தேன். கரையில் வைத்து அதை அறிவித்துவிட்டால், ஒப்பந்தப்படி அதற்கு மறுபேச்சில்லை. காரணங்களைத் தாங்கள் கேட்கக்கூடும். எங்கள் அடுப்படியில் ஒருவர் கரண்டியைத் திருப்ப வேண்டுமானால் மற்றவர் மேல்தளத்துக்கு ஏறிவிட வேண்டும். இரவு படுத்தால் என் கால் பாய்த்துணி வைக்கும் பைக்குள் இருக்கும். பள்ளிக்கூடத்தில் நான் இருந்தது சிறிது காலமே என்பதைத் தாங்கள் அறிவீர்கள். மீதியை அகராதியும் நானும் பார்த்துக்கொண்டோம். அந்த அகராதி இப்போது கடல் ஈரம் குடித்துத் தலையணை அளவுக்கு வீங்கிவிட்டது. 'ந' வரிசைக்கு மேல் திறக்க மறுக்கிறது. இந்தக் கடிதத்தில் பிற்பாதி எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் ஏதேனும் பொருத்தமின்றி இருப்பின் அதுவே காரணம்.

ரப்பர் படகில் துடுப்புப் போட்டுப் படகுத்துறைக்கு வந்தோம். இதற்கு முன் நாங்கள் கண்ட துறைகளெல்லாம் மிதவைகள் மேல் அமைந்தவை. தண்ணீரோடு சேர்ந்து அவையும் ஏறி இறங்கும். இது கல்லால் கட்டிய பழைய துறை. தண்ணீர் விளிம்புவரை நிறைந்திருந்ததால் நான் படி ஏறுவதுபோலச் சுலபமாகக் கல்லில் கால் வைத்துவிட்டேன். தங்கள் தம்பி கயிற்றைக் கையில் பிடித்தபடி இன்னும் ரப்பர் படகிலேயே இருந்தார்.

"கயிறு கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்மா," என்றார்.

"வேண்டாங்க. தொளதொளன்னு விட்டா அது பாட்டுக்குப் போய் நாலு படகை இடிச்சிட்டு நிக்கும். இழுத்துக் கட்டுங்க."

"இல்ல, எதுக்குச் சொல்றேன்னா..."

"நான் கரையில நிக்கிறேன்," என்றேன்.

அவர் என் கால்களைப் பார்த்தார். பிறகு தம் கால்களைப் பார்த்தார். ஒருவர் கல்லிலும் ஒருவர் ரப்பரிலும் நிற்கும்போது யார் சொல் முடிவு என்பதை நான் வாசகத்தில் சேர்க்கவில்லை. அவர் அதை எடுத்துப் பேசியிருக்கலாம். பேசாமல் மேலே ஏறி வந்தார், இழுத்துக் கட்டினார், முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சும் போட்டார். "போதுமா?" என்று கேட்டார். போதும் என்றேன். கடலின் ஏற்றவற்றத்தைப் பற்றி நான் அறியாதவள் என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது. தங்கள் தம்பி படகோட்டக் கற்றது கட்டணம் கட்டிய வகுப்பில். நான் கற்றது அவர் மூடிவைத்த புத்தகத்தில், பின்னட்டை உட்பட. ஏற்றவற்ற அத்தியாயத்தை விரும்பிப் படித்திருக்கிறேன். அதில் உள்ள படங்களில் கடல் மட்டுமே ஏறி இறங்குகிறது. கயிறு எதுவும் வரையப்படவில்லை.

அங்கிருந்து துணி மூட்டைகளோடு சலவைக் கடைக்குச் சென்றோம். வலை பின்னும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு நீளமான அறை. சுவரோரம் வரிசையாகச் சலவை இயந்திரங்கள். பின்பக்கம் படகுகளில் வருவோர் குளிப்பதற்கென்று தடுப்புகள். கடையை நடத்தும் அம்மாள் எங்கள் மூட்டையை முகர்ந்து பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார்.

"படகுத் துணியா? உப்பு மிஷினைத் தின்னுடும்மா. மொதல்ல நல்ல தண்ணில அலசிட்டுக் கொண்டாங்க."

"அந்த நல்ல தண்ணி எங்ககிட்ட இருந்தா நாங்க ஏம்மா உங்ககிட்ட வரப்போறோம்?"

இந்த வாதம் சூடு பிடித்திருந்த சமயத்தில் தங்கள் தம்பி பின்னாலிருந்து, "எல்லாத்தையும் போட்டுடட்டுமா?" என்று கேட்டார். திரும்பிப் பாராமல், "எல்லாத்தையும் போடுங்க," என்றேன். கடைக்கார அம்மாள் இறுதியில் என் பக்கம் இறங்கி வந்து, கடைசி இயந்திரத்தில் மட்டும் அனுமதி தந்தார். வெற்றியோடு திரும்பினேன். தங்கள் தம்பி நீச்சல் கால்சட்டையும், அதன் மேல் புயல் காலத்தில் நாங்கள் அணியும் மஞ்சள் மழைக்கோட்டும் மட்டும் அணிந்து, கழுத்துவரை பொத்தான் போட்டு நின்றார்.

"என்னங்க இது?"

"எல்லாத்தையும்னு சொன்னியே."

"உடம்புல கிடக்கிறதையுமா போடுவாங்க?"

"அதைத் தனியாக் கேட்டிருக்கணுமோ?" என்றார் மிகவும் யோசனையோடு.

"ஓட ஆரம்பிச்ச மிஷின் நடுவுல தொறக்காதும்மா," என்றார் கடைக்கார அம்மாள். தோற்ற வாதத்துக்கு அவருக்குக் கிடைத்த ஆறுதல் அது.

'தனியாகக் கேட்டிருக்க வேண்டுமோ' என்பதைத் தங்கள் தம்பி எவ்வளவு ஆழமாக மனத்தில் வாங்கிக்கொண்டார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அவரிடம் கடைத்தெருவில் வாங்க வேண்டியவற்றைச் சொல்லி அனுப்பிவிட்டு, வில்லை ஒன்று வாங்கிக்கொண்டு குளியல் தடுப்புக்குள் நுழைந்தேன். வில்லையை உள்ளே போட்டால் தண்ணீர் வரும். அதன் காலம் முடிந்ததும் நின்றுவிடும். தண்ணீர் தலையில் விழுந்தது. நாத்தனார் அவர்களே, அந்தச் சுகத்தை விவரிக்கும் சொல் என் அகராதியின் திறக்காத பாதியில்தான் இருக்க வேண்டும். தலை நிறையச் சோப்புப் போட்டுக்கொண்ட நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"ஏம்மா, நான்தான். வெங்காயம் சின்னது வாங்கட்டுமா, பெரிசா?"

"ஏங்க, நான் குளிச்சிட்டிருக்கேன்."

"தெரியும்மா. நீ குளிச்சிட்டு வர்றதுக்குள்ள காய்க்காரம்மா வித்துட்டாங்கன்னா?"

"பெரிசு."

போனார். வந்தார்.

"பெரிசுல சிவப்பும் இருக்கு, வெள்ளையும் இருக்கு."

"உங்களுக்கு எது இஷ்டமோ அதை வாங்குங்க."

"கரையில என் இஷ்டம்னு ஒண்ணு கிடையாதேம்மா," என்றார் வெளியிலிருந்து. அதில் குத்தல் எதுவும் இல்லை. ஒப்பந்தத்தை அவர் உள்ளபடியே மதித்துப் பேசினார். சிவப்பு என்றேன். பிறகு தக்காளியின் பழுப்பு, முட்டைகளைப் பையின் மேலே வைப்பதா பக்கத்தில் வைப்பதா, கத்தரிக்காய் பற்றி நான் ஒன்றும் சொல்லாதது மறதியாலா வேண்டுமென்றா என்று வரிசையாக வந்தன. கத்தரிக்காய்க்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது வில்லையின் காலம் முடிந்து தண்ணீர் நின்றது. தலை முழுவதும் நுரை. தடுப்புக்கு அந்தப் பக்கம் கடைக்கார அம்மாள் யாரிடமோ, "அந்தம்மாவோட வீட்டுக்காரர் மறுபடியும் வந்திருக்கார்," என்று சொல்வது கேட்டது. துண்டால் நுரையை இயன்றவரை ஒற்றி எடுத்து, தலையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். என் தலைமுடியில் உப்பு இல்லை. சோப்பு இருந்தது, இன்னும் இருக்கிறது.

வெளியே தங்கள் தம்பி காய்கறிப் பையோடு நின்றார். முகத்தில் ஏதோ வேறுபாடு தெரிந்தது. சற்று நேரம் கழித்தே அது மீசை என்று புரிந்தது. ஒரு பக்க மீசை இல்லை.

"முடிவெட்டிக்கப் போனேன். மீசையை எடுக்கவா வைக்கவான்னு கேட்டாரு. உன்னைக் கேக்காம நான் எப்படிச் சொல்றது? அதான் ஒரு பக்கம் மட்டும் எடுக்கச் சொல்லிட்டு வந்தேன். ரெண்டையும் பாத்து நீயே சொல்லு. அவர் கத்தியை வச்சுக்கிட்டுக் காத்திருக்காரு."

நியாயமாகவே ஆராய்ந்தேன். மீசை இல்லாத பக்கத்திலிருந்து பார்த்தால் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்று இருந்தவர்போல இருந்தார். மீசை உள்ள பக்கத்திலிருந்து பார்த்தால் பதவி உயர்வு பெற்றவர்போல இருந்தார். இரண்டையும் இழக்க மனமில்லை. தலைக்குள் சோப்பு அரித்துக்கொண்டிருக்கும்போது இத்தகைய முடிவுகளை எடுப்பது முறையல்ல என்பதால், தேநீர் குடித்தபின் சொல்வதாகக் கூறினேன்.

தேநீர்க்கடை முடிவெட்டும் கடைக்கு நேர் எதிரே இருந்தது. வாசலில் மரநிழலில் நாற்காலிகள். அவற்றைக் கண்டதும் என் கண் நிறைந்தது. எழுதுதாளையும் பேனாவையும் கையில் எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் தேநீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு, தங்கள் தம்பியின் மழைக்கோட்டையும், பிறகு ஒரு மேகமும் இல்லாத வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கடல்லேர்ந்து வர்றீங்களா? என்னங்க, புயல் ஏதும் வருதா?"

தங்கள் தம்பி என் பக்கம் திரும்பி, "சொல்லட்டுமா?" என்று கேட்டார். தம் உடைகள் யாவும் சலவை இயந்திரத்துக்குள் இருப்பதைச் சொல்லலாமா என்பது அவர் கேள்வி. குடும்ப மானம் கருதி, "வேண்டாம்," என்றேன். கடைக்காரரின் முகம் மாறியது. "புரிஞ்சுதுங்க," என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, வாசலில் இருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கி உள்ளே கொண்டுபோக ஆரம்பித்தார். அப்படி ஒன்றும் இல்லையென்று நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். "பயப்படுத்தக் கூடாதுன்னு பாக்குறீங்க. நல்ல மனசு," என்று சொல்லி, நான் பிடித்திருந்த நாற்காலியையும் வாங்கிக்கொண்டார்.

உள்ளே அமர்ந்தோம். நான் இத்தனை நாள் ஏங்கிய நாற்காலி. அது ஆடியது. இடமும் வலமுமாக, மெதுவாக, நிதானமாக ஆடியது. ஒரு காகிதத்தை மடித்துக் காலுக்கடியில் வைத்தேன். அப்போதும் ஆடியது. வேறு நாற்காலிக்கு மாறினேன். அதுவும் ஆடியது. கடைக்காரரை அழைத்துப் பணிவாகக் குறையைச் சொன்னேன்.

"நாற்காலி ஆடலம்மா. நீங்கதான் ஆடுறீங்க," என்றார். "படகுல வர்றவங்க எல்லாருக்கும் இப்படித்தான். கொஞ்ச நேரம் செவுத்தைப் பிடிச்சுக்குங்க."

ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தேநீர் குடித்தேன். எழுதுவதற்கு மூன்றாவது கை இல்லை. அதற்குள் எதிர்வரிசையில் கதவு இழுக்கும் ஓசை கேட்டது. "ஏம்மா, மூடுறாரு," என்றார் தங்கள் தம்பி. "போய்ப் பாக்கட்டுமா?" பாருங்கள் என்றேன். அவர் தெருவைத் தாண்டுவதற்குள் முடிவெட்டுபவர் பூட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறிவிட்டார். "புயல் போனப்புறம் வாங்க, மறுபக்கத்தைப் பாத்துக்கலாம்," என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாராம். ரொட்டி வாங்கப் போனோம். ஊரே வரிசையில் நின்று வாங்கிப்போய், கடையில் ஒரு துண்டும் மிஞ்சவில்லை. நாங்கள் கடைக்குள் நுழைந்தபோது தங்கள் தம்பியின் கோட்டைப் பார்த்து இரண்டு பேர் மெழுகுவத்தியும் வாங்கினார்கள். சலவைக் கடைக்கு ஓடினோம். அந்த அம்மாளும் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார். கண்ணாடிக் கதவு வழியாக எங்கள் துணிகள் இயந்திரத்துக்குள் சுத்தமாக, அமைதியாகக் கிடப்பது தெரிந்தது. தங்கள் தம்பி தம் சட்டையை அடையாளம் கண்டு எனக்குக் காட்டினார்.

படகுக்கே திரும்பிவிடலாம் என்று துறைக்கு வந்தோம். காலையில் விளிம்புவரை இருந்த கடல் அங்கே இல்லை. மிகவும் கீழே இறங்கிப்போயிருந்தது. எங்கள் ரப்பர் படகு, நான் கட்டச் சொன்ன இறுக்கத்திலேயே, மூக்கை மேலே தூக்கிக்கொண்டு கல்சுவரில் செங்குத்தாகத் தொங்கியது. அதற்குள் இருந்த துடுப்புகளும் தண்ணீர்க் குடுவைகளும் கீழே பாறைகளுக்கு நடுவே சேற்றில் கிடந்தன. கயிறு தந்திபோல விறைத்திருந்தது; முடிச்சும், முடிச்சின் மேல் போட்ட முடிச்சும் அசைந்துகொடுக்கவில்லை. அறுத்துவிட்டால் படகு பாறையில் விழுந்து கிழியும். துறைக் காவலர் தம் அறையிலிருந்து நிதானமாக வந்து எட்டிப்பார்த்தார்.

"யாருங்க இப்படிக் கட்டினது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தங்கள் தம்பி, "நான்தாங்க," என்றார்.

"கடலுக்குப் புதுசா?"

"கடலுக்கு இல்லைங்க. கரைக்குத்தான் புதுசு."

காவலர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "மீசை என்னங்க, பாதியோட நிக்குது?"

"இன்னும் முடிவாகலைங்க," என்றார் தங்கள் தம்பி.

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். அவரைத் தூக்கி வளர்த்தவர் தாங்கள். அந்தப் பெருமை தங்களைச் சேர வேண்டும். காவலர் சென்றபின் நான் தணிந்து கேட்டேன்.

"தண்ணி வத்தும்னு உங்களுக்குக் காலையிலேயே தெரியுமா?"

"தெரியும்."

"ஏங்க சொல்லல?"

"சொல்ல ஆரம்பிச்சேன். நீ கரையில நின்னுட்டிருந்த."

தண்ணீர் ஏறும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. காவலர் இரண்டு மீன்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, "அது ஏறுறப்போ ஏறும், உக்காருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெட்டியில் அமர்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எப்போது என்று கவனிக்கவில்லை, என் ஆட்டம் நின்றுவிட்டது. வெயில் தாழ்ந்து, காற்றுக் குளிர்ந்து வருகிறது. எதிரே எங்கள் படகு தன் நங்கூரத்தில் மெல்லத் திரும்பித் திரும்பி நிற்கிறது. தங்கள் தம்பி காய்கறிப் பையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து, தின்னலாமா என்று கேட்டு, தின்றுகொண்டிருக்கிறார். நான் தேடிய ஓய்வு இதுதான் என்று தோன்றியது. ஆகவே நான் அறிவிக்க வேண்டியதை அறிவித்தேன்.

"வீட்டுக்குப் போயிடலாங்க."

அவர் தக்காளியைத் தின்று முடித்தார். படகைப் பார்த்தார். "சரி," என்றார்.

"வருத்தமா இருக்கா?"

"வருத்தப்படலாமா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் படுங்க," என்றேன்.

சிறிது நேரம் படகைப் பார்த்தபடி வருத்தப்பட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் முதலில் தாம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். நான் அதைச் சொன்னதும், அதற்கடுத்து என்ன என்று கேட்டார். அவ்வளவு ஒத்துழைப்பு. இப்படிப்பட்டவரிடம் முடிவைச் சொல்லவா இத்தனை தயங்கினேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஆகவே, நாத்தனார் அவர்களே, வீட்டை யாருக்கும் விட வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. பல் மருத்துவர் குடும்பத்தாரிடம் எங்கள் வருந்துதலைத் தக்க சொற்களில் தெரிவித்துவிடுங்கள். ஆள் வைத்து வீட்டைக் கூட்டிக் கழுவி, ஜன்னல்களைத் திறந்துவைக்க ஏற்பாடு செய்தால் நன்றியுடையவளாக இருப்பேன். பாய்க்குக் காற்றுத் தோதாக அமையும் முதல் நாளே இங்கிருந்து திரும்புகிறோம்.

தங்கள் துணைவர் அவர்களுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் உடல்நலமும் தெளிந்த புத்தியும் பெற்று வளர எங்கள் வாழ்த்து. எங்களுக்குத் தங்கள் ஆசி எப்போதும்போல் இருக்க வேண்டும். இப்போது சற்றுக் கூடுதலாகவே வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லை என்றும் மதிக்கும்,
தம்பி மனைவி.

பின்குறிப்பு: மேலே எழுதியவற்றைத் தாங்கள் படித்துவிட்டிருப்பின், படிக்காததாகக் கொள்ள வேண்டுகிறேன். கிழித்துவிட்டு வேறொன்று எழுதியிருக்கலாம். இவ்வளவு ஒழுங்காக அமைந்துவிட்ட கடிதத்தைக் கிழிக்கக் கை வரவில்லை. இதை நான் படகில் அமர்ந்து எழுதுகிறேன். எழுத்துகள் சாய்ந்திருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும்.

தண்ணீர் ஏறியதும் முடிச்சு அவிழ்ந்தது. துடுப்புகளை மீட்டுக்கொண்டு படகுக்கு வந்து சேர்ந்தோம். தங்கள் தம்பி மேல்தளத்தில் கால் வைத்தார், அவ்வளவுதான். "அந்தக் கயித்தை எடு. விளக்கை மாட்டு. பையைக் கீழ வை. தலையை அலசிக்கோ, குடிக்கிற தண்ணியில கொஞ்சம் எடுத்துத் தர்றேன்," என்று வரிசையாகக் கட்டளைகள். நான் கயிற்றை எடுக்கவில்லை, விளக்கையும் மாட்டவில்லை. அவரே எடுத்தார், அவரே மாட்டினார். தலையை மட்டும் அலசிக்கொண்டேன். பிறகு என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வெங்காயம் நறுக்கி, முட்டை பொரித்து, தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை சரியாக இருந்தது. நான் அதைக் குடித்துக்கொண்டிருந்தபோது எதிரே அமர்ந்து, மிகவும் மகிழ்ச்சியாக, "வீட்டுக்குப் போயிட்டா இதெல்லாம் உன்னைக் கேட்டுத்தானே செய்யணும்?" என்றார்.

நாத்தனார் அவர்களே, இவர் பணியில் இருந்தவரை நான் இவரைப் பகலில் பார்த்ததே இல்லை. ஓய்வு பெற்றதும் நேராகப் படகுக்கு வந்துவிட்டோம். வீடு என்பது கரையில் உள்ளது. அங்கு நான் சொல்வதே முடிவு. காலை விடிந்தது முதல் விளக்கு வைக்கும்வரை ஒவ்வொன்றையும் நானே சொல்ல வேண்டும். கட்டளை என்றால் காதில் விழாததுபோல் இருந்துவிடலாம். கேள்வியை அப்படி விட முடிவதில்லை. அது பதில் கிடைக்கும்வரை கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறது. ஒப்பந்தத்தைத் திருத்தலாமே என்று தாங்கள் சொல்லக்கூடும். நானே அமைத்த வாசகம். அதைத் திருத்துவதைவிட ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பது எளிது.

எனவே வீட்டைப் பல் மருத்துவருக்கே விட்டுவிடுங்கள். இரண்டு ஆண்டுகள் போதாதென்றால் மூன்றாகவே பேசிக்கொள்ளட்டும். இன்னும் பயணத்தைத் தொடர்கிறோம் என்று தங்கள் தம்பியிடம் சொல்லிவிட்டேன். படகில் வைத்துச் சொன்னதால் அது வெறும் யோசனைதான், ஆனாலும் உடனே ஏற்றுக்கொண்டு, என்னைக் கேட்காமலே வரைபடத்தை விரித்துவிட்டார். நாளைக் காலை சலவைத் துணியை எடுக்கக் கரைக்குப் போகும்போது இதை அஞ்சலில் சேர்ப்பேன். அவர் படகிலேயே இருப்பார்.

அந்தக் குடும்பம் அதற்குள் வேறு வீடு பார்த்துவிடக் கூடாதே என்பது ஒன்றுதான் கவலை. அடுத்த துறைமுக அலுவலகத்துக்கு உடனே பதில் எழுதுங்கள்.